கரிசலில் மினி டிராக்டர்: பின்பக்கம் எத்தனை ஆயில் வழி வேண்டும்?

மினி டிராக்டர் வாங்கிய சம்சாரிக்கு முதல் வருடம் கலப்பை, ரொட்டோவேட்டர் பற்றிய யோசனைதான். ஆயில் வழி பற்றிய யோசனை இரண்டாம் வருடம் வருகிறது. ஐந்து கொத்துக் கலப்பையோ விதைப்புக் கருவியோ, மூன்று புள்ளி இணைப்பில் மாட்டித் தூக்கி இறக்குகிற வரைக்கும் கம்பெனி கொடுத்ததே போதும். டிப்பர் டிரெய்லர் ஒன்று வந்து சேர்ந்ததும், அல்லது யாரோ ஒருவர் லிவரைத் தட்டிக் கலப்பையைப் புரட்டுவதைப் பார்த்ததும், தன் வண்டியின் பின்னால் ஹோஸ் மாட்ட இடமே இல்லை, இருந்தாலும் ஒன்றுதான் என்பது உறைக்கிறது. கோவில்பட்டியிலோ எட்டயபுரத்திலோ மெக்கானிக்கைக் கேட்டால், "வால்வு ஒண்ணு போட்டுட்டாப் போச்சு அண்ணாச்சி" என்பார். போட்டுவிடலாம்தான். ஆயிலை எங்கிருந்து எடுக்கிறோம், எங்கே திருப்பி விடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த வால்வு பத்து வருடம் உழைக்கவும் செய்யும். பத்தாம் நாளே பம்பைக் கொல்லவும் செய்யும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி, விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரத்து மானாவாரிக்கு டிப்பருக்கென ஒரு வழியும், டபுள் ஆக்டிங் வழி ஒன்றும் இருந்தால் ஏறக்குறைய எல்லா வேலையும் நடந்துவிடும். ஹோஸ் மாட்டும் கப்ளரை மூன்று நான்கு ஜோடி வரிசையாக வைத்துக்கொள்வது பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஏன் என்று பார்க்க வேண்டுமானால் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. நூற்றாண்டுக்கு மேலாக அது பார்த்துவரும் சிக்கல் ஒன்றே: ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில், சில வாரங்களுக்குள். புரட்டாசி கடைசியிலிருந்து ஐப்பசிக்குள் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியும் மண்ணுக்குள் போயாக வேண்டும். மழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் விதையைக் கடினப்படுத்தி, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்துவிடும் முறையை அந்த நிலையம் பரிந்துரைப்பதும் இந்த அவசரத்தை நினைத்துத்தான். சாரல் ஒன்று பெய்தவுடன் முளைத்துக் கருகாமல், நல்ல மழை இறங்கினால் மட்டும் முளைக்க அந்த ஆழம் வேண்டும். ஆழம் ஒரே சீராக அமைவதற்குக் கருவியின் சாய்வு சரியாக இருக்க வேண்டும். இந்தச் சாய்வு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கரிசல் நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் பாறை. நனைந்த புஞ்சைக்குள் பெரிய வண்டி இறங்க நாள் பார்க்க வேண்டும். எடை குறைந்த மினி டிராக்டர் ஒரு நாள் முன்னதாக இறங்கும், மண்ணையும் அந்த அளவுக்கு அழுத்தாது. பருத்தி, மக்காச்சோள வரிசைக்கு நடுவே களை வெட்டவும் அதன் அகலம்தான் ஏற்றது. ஆனால் காய்ந்த கரிசலில் ஆழ உழவு அதன் வேலை இல்லை. மகிந்திரா ஜிவோ 245-க்கு 24 குதிரைத்திறன், தூக்கும் திறன் 750 கிலோ. குபோட்டா நியோஸ்டார் ஏ211-க்கு 21 குதிரைத்திறன், அதே 750 கிலோ. இந்த அளவு வண்டியை வைத்துக்கொண்டு இரண்டு கொழுக் கலப்பை மாட்டி, கோடையில் கட்டியைப் பெயர்க்க நினைப்பவர் ஆயில் வழியை மட்டும் கூட்டுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்படியானால் பின்பக்கத்து ஆயில் யாருக்கு வேண்டும்? கொத்துக் கலப்பை, ரொட்டோவேட்டர், விதைப்புக் கருவி, மருந்தடிக்கும் பம்பு எதற்கும் வேண்டாம், லிப்ட்டும் பி.டி.ஓ.வும் பார்த்துக்கொள்ளும். முதலில் கேட்பது டிப்பர் டிரெய்லர். கண்மாய் வண்டலைச் செவல் புஞ்சைக்கு அடிப்பது, தொழுஉரம் கொட்டுவது, பருத்திமார் ஏற்றுவது, வெட்டிய சீமைக்கருவேலைக் கரிமூட்டத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் இந்தப் பக்கம் வருடம் முழுக்க நடக்கிற வேலை. கண்மாயில் வண்டல் எடுத்துக்கொள்ள விவசாயிக்கு அரசு கட்டணமில்லாமல் அனுமதி தரத் தொடங்கிய பிறகு டிப்பருக்குத் தேவை இன்னும் ஏறியிருக்கிறது. டிப்பருக்கு ஒரே ஹோஸ் போதும்: ஆயில் தள்ளும், தொட்டி எழும், ஆயிலை விட்டால் தன் எடையிலேயே இறங்கும்.

அடுத்தது ஹைட்ராலிக்கில் புரளும் கலப்பை, அதாவது ரிவர்சிபிள். மினி டிராக்டருக்கென ஒற்றைக் கொழுவில் வருகிறது. இதற்கு இரண்டு ஹோஸ், தள்ளவும் ஆயில், இழுக்கவும் ஆயில்; டபுள் ஆக்டிங் என்பது இதுதான். மூன்றாவதாக, நான் மற்ற எதையும்விட மேலாக நினைக்கும் ஒன்று: டாப் லிங்க்குக்குப் பதிலாக ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். சீட்டை விட்டு இறங்காமல் விதைப்புக் கருவியின் சாய்வை மாற்றலாம். மட்டப் பலகையைக் குப்புறவும் மல்லாக்கவும் வைக்கலாம். மழைநீரை அந்தந்த இடத்திலேயே நிறுத்தச் சின்னச் சின்னப் பாத்திகளாக வரப்புப் போடும்போது பலகையைச் சாய்த்துக்கொள்ளலாம். கம்பியைத் திருகித் திருகி ஆழம் வைக்கும் வேலை ஒழியும். இதற்கும் ஒரு டபுள் ஆக்டிங் வழி. கலப்பை மாட்டுகிற நாளில் விதைப்புக் கருவி மாட்டப்போவதில்லை என்பதால், ஒரே ஜோடி கப்ளர் இரண்டுக்கும் ஆகும். வழி எத்தனை என்பதைக் கருவிகளின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. ஒரே நேரத்தில் மாட்டியிருக்கும் சிலிண்டர்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

மினி பேக்ஹோ, ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடும் கருவிகள் எல்லாம் வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். மினி டிராக்டரின் கியர் பம்பு நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளுகிறது, அழுத்தம் 180 பார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டரையும் பாரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும்: 6 கிலோவாட், அதாவது 8 குதிரைத்திறன். 24 குதிரை வண்டியில் மூன்றில் ஒரு பங்கு. இதுவும் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதுதான். ஐட்லிங்கில் பாதிகூடக் கிடைக்காது. சிலிண்டருக்கு இது தாராளம். 50 மில்லிமீட்டர் விட்டமும் 200 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள சிலிண்டருக்கு வேண்டியது 0.4 லிட்டர் ஆயில். ஒன்றரை நொடியில் நிரம்பிவிடும். 150 பாரில் அது தள்ளும் விசை ஏறக்குறைய மூன்று டன். கலப்பையைப் புரட்டவும் டாப் லிங்க்கை நீட்டவும் இதற்கு மேல் எதற்கு? மோட்டாரோ நாள் முழுக்க ஆயில் குடிக்கும், வண்டியைச் சூடாக்கும். சுழலும் வேலைக்குப் பி.டி.ஓ. இருக்கும்போது ஆயிலில் சுழற்றுவது வீண்.

இப்போது வால்வை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். நம் ஊரில் நடப்பவை நான்கு முறைகள்.

முதலாவது, லிப்ட்டிலிருந்து டிப்பர் வழி எடுப்பது. லிப்ட் சிலிண்டருக்குப் போகும் ஆயிலை ஒரு குழாயில் வெளியே கொண்டுவந்து, நடுவில் ஒரு திறப்பு வைத்து, லிப்ட் கையை நிறுத்திவிட்டு டிரெய்லரைத் தூக்குவார்கள். இந்தியாவில் மிகப் பழகிய வழி இதுதான், மலிவும்கூட. ஒரு குறை உண்டு. லிப்ட் கை மேலே வந்ததும் லிவரோடு சேர்ந்த இணைப்பு வால்வைத் தானாக மூடும். கையைக் கட்டிவிட்டு ஆயிலை டிரெய்லருக்குத் திருப்பினால் அந்த மூடல் நடக்காது. தொட்டி முழுதும் எழுந்த பிறகும் லிவரை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், அழுத்தம் மிஞ்சும்போது திறக்கும் ரிலீப் வால்வு கத்திக்கொண்டே இருக்கும், ஆயில் கொதிக்கும். மற்றபடி டிப்பருக்கு இது போதும். இருவழிச் சிலிண்டருக்கு உதவாது.

இரண்டாவது, கம்பெனியே விற்கும் கூடுதல் வால்வு கிட். உங்கள் மாடலுக்கு இருக்கிறது என்றால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். விலை கூடுதலாகத் தெரியும். குழாயின் வளைவும் போல்ட் இடமும் ரிலீப் அளவும் அந்த வண்டிக்கென்றே வந்திருக்கும், வாரண்டியும் நிற்கும். புது வண்டி எடுப்பவர் பேரம் பேசும்போதே இதைக் கேட்டு வாங்குவது நல்லது. சீட் கவர், பம்பருக்குப் பேரம் பேசுகிறோம், இதை மறந்துவிடுகிறோம். மகிந்திரா 2023 ஆகஸ்ட் 15 அன்று கேப் டவுனில் அறிமுகப்படுத்திய ஓஜா வரிசை போல ஜப்பானியக் கூட்டில் உருவான சிறு வண்டிகள் வரத் தொடங்கிய பிறகு, மினி டிராக்டர் என்றால் குறைந்த வசதி என்ற நிலை மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் கேட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மூன்றாவதுதான் பட்டறை முறை. சிக்கல் எல்லாம் இதில்தான். கோவில்பட்டியில் நூற்பாலைக்கும் தீப்பெட்டி இயந்திரத்துக்கும் வேலை செய்து பழகிய லேத் பட்டறைகள் உண்டு. பிராக்கெட் அடிப்பதும் குழாய் வளைப்பதும் அவர்களுக்குச் சுலபம். கோவையிலிருந்து ஒரு மோனோபிளாக் வால்வு வரவழைத்து, பம்புக்கும் லிப்ட்டுக்கும் நடுவே செருகிவிடுவார்கள். மினி டிராக்டர்களில் பெரும்பாலும் ஆயில் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பு. பம்பிலிருந்து வரும் ஆயில் நம் வால்வின் நடு வழியாக லிப்ட்டுக்குப் போய், அங்கே வேலை இல்லாவிட்டால் கியர்பெட்டிக்குத் திரும்பும். நம் வால்வுக்கு மூன்று தொடர்பு வேண்டும்: பம்பிலிருந்து வரவு, லிப்ட்டுக்குப் போகும் தொடர்ச்சி, டேங்குக்குத் தனித் திரும்பு வழி. இந்தத் தொடர்ச்சியைத்தான் பவர் பியாண்ட் என்கிறார்கள். அதற்கெனத் தனி ஸ்லீவ் வாங்கி வால்வில் பொருத்த வேண்டும்.

பட்டறையில் பல நேரம் இந்த ஸ்லீவைத் தவிர்த்துவிட்டு, வால்வின் டேங்குத் துளையிலிருந்தே லிப்ட்டுக்கு ஹோஸ் இழுத்துவிடுகிறார்கள். முதல் நாள் எல்லாம் வேலை செய்யும். லிப்ட் பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முழு அழுத்தம் வால்வின் டேங்குப் பக்கத்து அறையில் ஏறும். அந்த அறை அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதில்லை. கொஞ்ச நாளில் லிவர் அடியில் ஆயில் கசியும், சீல் பிதுங்கும், சமயத்தில் வார்ப்பே விரியும். சீல் மட்டமானது என்று சீலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குற்றம் சீலில் இல்லை.

இன்னொன்று, இதைவிட மோசமானது. நம் வால்வின் லிவரைத் தள்ளியதும் லிப்ட் பக்கம் ஆயில் போவது நின்றுவிடும். டிராக்டரின் ரிலீப் வால்வு லிப்ட் கட்டுக்குள் இருந்தால், அந்த நொடியில் பம்புக்குப் பாதுகாப்பே இல்லை. சிலிண்டர் முட்டி நின்றதும் பம்பு, ஹோஸ், கப்ளர் மூன்றில் எது பலவீனமோ அது போகும். ஆகவே செருகும் வால்வில் சொந்த ரிலீப் இருந்தே ஆக வேண்டும். டிராக்டருக்குக் கம்பெனி குறித்த அழுத்தத்துக்கு மேல் அதைத் திருகக் கூடாது. இதைக் காதால் கேட்டு வைக்க முடியாது. கேஜ் மாட்டித்தான் வைக்க வேண்டும். கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் டாபே தயாரிக்கும் மாசி வண்டிகள் அதிகம் என்பதால் ஒரு எச்சரிக்கை. 1936-இல் ஹாரி பெர்குசன் சந்தைக்குக் கொண்டுவந்த அமைப்பின் வழிவந்த இந்த டிராக்டர்களில் பம்பு கியர்பெட்டிக்குள்ளேயே ஆயிலில் மூழ்கி, பி.டி.ஓ. ஓட்டத்தோடு இணைந்து ஓடும். கட்டுப்பாடும் பம்பு ஆயிலை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும். வெளியே தொங்கும் கியர் பம்புக்கு எழுதிய மேற்படி வைத்தியம் அதற்குப் பொருந்தாது. பழைய 35 குதிரை வண்டியில் செய்ததை மினியிலும், மினியில் செய்ததைப் பழைய வண்டியிலும் அப்படியே செய்யச் சொல்வது தவறு.

நான்காவது, தனிப் பம்பும் தனி டேங்கும். பி.டி.ஓ.வில் ஒரு வேகமேற்றும் கியர்பெட்டி, அதில் பம்பு, கருவியின் மேலேயே டேங்க். பேக்ஹோவுக்கு இதுதான் சரி. வண்டியின் ஆயில் வெளியே போகாது, வெளி ஆயில் உள்ளே வராது.

இவை தவிர, டபுள் ஆக்டிங் வழி ஏற்கெனவே ஒன்று இருப்பவர்கள் அதை இரண்டாகப் பிரிக்க ஆறு துளை சோலனாய்டு வால்வு கிடைக்கிறது. லிவரில் ஒரு பட்டன். அழுத்தினால் இரண்டாம் ஜோடிக்கு ஆயில் போகும், விட்டால் முதல் ஜோடிக்கு. ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது என்பதுதான் குறை. மேலே சொன்னபடி, இந்தப் பக்கத்து வேலையில் ஒரே நேரத்தில் இரண்டு வேண்டியதும் இல்லை. டிராக்டரின் மூல ஓட்டத்தைத் தொடாமல் முடிகிற வேலை என்பதால் எனக்கு இது பட்டறை வால்வைவிடப் பிடிக்கிறது.

ஹோஸ் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. 20 லிட்டர் ஓட்டத்துக்கு மூன்று நூல் ஹோஸ் போதும். திரும்பு வழிக்கு நாலு நூல் வையுங்கள், சுருக்கினால் சூடு ஏறும். இரட்டைக் கம்பி வலை உள்ள ஹோஸையே கேளுங்கள். பிராக்கெட்டை ஏற்கெனவே உள்ள போல்ட்டில் மாட்டுங்கள். அச்சுக் கூட்டில் துளை போட விடாதீர்கள்.

நீட்ட வேண்டியது ஆயிலைப் பற்றி. பல மினி டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில். டிப்பர் சிலிண்டர் 100 மில்லிமீட்டர் விட்டம், 800 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால் தொட்டி முழுதும் எழும்போது 6 லிட்டருக்கு மேல் கியர்பெட்டியை விட்டு வெளியே போய்விடுகிறது. பெரிய வண்டிக்குச் செய்த டிரெய்லரைச் சின்ன வண்டியில் மாட்டினால் பம்பு காற்றை உறிஞ்சும். ஆயில் நுரைக்கும், லிப்ட் நடுங்கும். இதைவிடப் பெரிய தொல்லை இரவல் டிரெய்லர். இந்தப் பக்கம் ஒரு டிப்பர் நாலு வண்டிக்குப் பின்னால் போகும். முன்னால் மாட்டியவர் 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றியிருப்பார், உங்களுடையது ஆயிலில் மூழ்கிய பிரேக்குக்கென்ற கலவை ஆயில். சிலிண்டர் இறங்கும்போது அவர் ஆயில் உங்கள் கியர்பெட்டிக்குள் வருகிறது, அதோடு தண்ணீரும் அழுக்கும். பிறகு பிரேக் கீச்சிடும்போது யாருக்கும் டிப்பர் ஞாபகம் வராது. வாடகைக்கு ஓட்டுகிறவர் திரும்பு வழியில் ஒரு பில்டர் வைப்பதற்குச் செலவு பார்க்கக் கூடாது.

கோடையில் கரிசல் புழுதி மாவாகப் பறக்கும். மூடியில்லாத கப்ளர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ஹோஸை மாட்டியதும் அது நேராக வால்வுக்குள் நகரும் ஸ்பூலுக்குப் போகும். ஸ்பூல் கீறினால் தூக்கிய கருவி தானாக இறங்கத் தொடங்கும். மூடி போடுங்கள், மாட்டும் முன் துணியால் துடையுங்கள். கப்ளரைப் பொறுத்தவரை எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே அளவை வைத்துக்கொண்டால் பக்கத்துப் புஞ்சைக் கருவியும் உங்களுக்கு மாட்டும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விஷயம். ஹோஸில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை வைத்துப் பாருங்கள். பட்டுவிட்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று, கயத்தாறு பக்கம் காற்றாலைக்கும் கம்பிகளுக்கும் பஞ்சமில்லை. டிப்பரைத் தூக்குமுன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். தூக்கிய தொட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் ஆளை அனுப்பக் கூடாது.

யாருக்கு எது என்று பார்த்தால், ஏழெட்டுக் குறுக்கம் புஞ்சை வைத்துச் சொந்த உழவு மட்டும் போடுகிறவருக்குக் கூடுதல் வழி எதுவும் வேண்டாம். ஆழ உழவுக்கும் பேக்ஹோவுக்கும் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுவது லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையே இ-வாடகை செயலி வழியாக இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. சொந்தமாக டிப்பர் வைத்திருப்பவருக்கு லிப்ட் வழி போதும். மக்காச்சோளமும் உளுந்தும் வாடகைக்கு விதைத்துக் கொடுக்கிறவருக்கும், வரப்புப் பலகை ஓட்டுகிறவருக்கும் ஒரு டபுள் ஆக்டிங் வழி ஒரு பருவத்திலேயே தன் பலனைக் காட்டும். மூன்றாவது வழி கேட்பவர், முதலில் அந்த மூன்றாவது கருவியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்கட்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு காகிதம் தேடுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் 1955 முதல் இயங்கும் மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பம்பு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, ரிலீப் எத்தனை பாரில் திறக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த இரண்டு எண்ணோடு பட்டறைக்குப் போங்கள். வேலையை வைகாசி, ஆனியில் முடித்துவிடுங்கள். ஆடி, ஆவணியில் பாரம் மாட்டி ஓட்டிப் பார்த்துக் கசிவை அடைத்து, புரட்டாசி பிறக்கும்போது வண்டி விதைப்புக்குத் தயாராக நிற்க வேண்டும். மழை வந்த பிறகு வால்வு மாட்டப் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.